ஏத்தி, ஏத்தி

சிங்களம் நன்றாகத் தெரியும் என்று வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் பொய் சொன்னேன். அதை அனுபவித்தது இன்னொருவருடைய முதுகு.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. நமுனுகுல மலையடியில் நாங்கள் வேலை செய்த தேயிலைத் தோட்டம். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மசாஜ் படிக்கப் போகிறேன் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லியிருந்தேன். (வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.) எல்ல என்ற சுற்றுலா ஊரில் வெள்ளைக்காரர்கள் மலை ஏறி இறங்கி முட்டி வலியோடு கிடக்கிறார்கள், பிடித்துவிட ஆளில்லை என்று கேள்வி.

படிக்க மூன்று வழி இருந்தது. பண்டாரவளையில் ஒரு மாடிக்கடையில் பத்தே நாளில் சான்றிதழ் தந்தார்கள். அதை எந்த ஹோட்டலும் திரும்பிப் பார்க்காது. ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு வைத்தியர், முதல் வருடம் இலை இடிக்கணும், அப்புறம்தான் மனுஷ உடம்பு என்றார். மிச்சம் பதுளையில் நடந்த இலவச வகுப்பு. நல்ல சான்றிதழ், ஆனால் பாடம் சிங்களத்தில்; கையையும் சோதித்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். விண்ணப்பத்தில் சிங்களம் என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதினேன். சந்தையில் கரட் விலை கேட்கிற அளவு நன்று.

ஒரு வாரம் அம்மாவின் முதுகில் பழகினேன். முப்பது வருடம் கூடை சுமந்த முதுகு. தொட்டால் மலைப்பாதை மாதிரி மேடும் பள்ளமும்.

"ரொட்டி மாவுன்னு நெனச்சியாடி? மெதுவா!" என்பாள். எழுந்து மட்டும் போகமாட்டாள். "எடம் கெடைக்கலேன்னா திங்கக்கெழம காலையில வேலைக்கு ஆளெடுக்குற பெரட்டுல ஒம்பேரக் கூப்புடுவாங்க. கூடையத் தூக்கிக்கிட்டுப் போய் நிக்கணும், ஆமா."

வெள்ளிக்கிழமை பதுளை. பயிற்சி கொடுக்கும் சிங்கள மேடம், சோதிக்க வேறு ஆளைத் தேடாமல் தானே கட்டிலில் குப்புறப் படுத்தார். நான் எண்ணெயைத் தொட்டு, கூடையையும் திங்கட்கிழமையையும் நினைத்து, இடுப்புக்கு மேலே ஓர் அழுத்து அழுத்தினேன்.

"ஏ...த்தி," என்றார் மேடம்.

அட, எனக்காகத் தமிழில் பேசுகிறாரே என்று உள்ளம் குளிர்ந்தது. ஏத்தச் சொல்கிறார். கையை ஏத்தினேன்.

"ஏத்தி! ஏத்தி!"

இன்னும் ஏத்தினேன். முழங்கையையும் போட்டேன். தோளுக்கு வந்தபோது என் ஒரு முட்டி கட்டில்மேல் இருந்தது. (எப்படி ஏறினேன் என்று சத்தியமாகத் தெரியாது.)

"அம்மோ! ஏத்தீ!"

"இந்தா மேடம், ஏத்திட்டேன்!"

வரிசையில் நின்ற பதுளை டவுன் முஸ்லிம் அக்கா ஒருத்தி ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். "அல்லாவே! விடுங்க தங்கச்சி! சிங்களத்துல 'எத்தி'ண்டா போதும்! போதும்ண்டு கத்துறாங்க!"

அந்தச் சொல் எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். போதும் என்று சொல்லும் அளவுக்கு எங்கள் வீட்டில் எதுவும் வந்ததில்லை; கேட்டுப் பழகாத சொல், எந்த மொழியில் வந்தால் என்ன.

மேடம் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். கலைந்த கொண்டையைச் சரிசெய்தார். ஜன்னலுக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. எனக்கு அது திங்கட்கிழமை மழையாகவே தெரிந்தது. என் விண்ணப்பத்தை எடுத்து, 'நன்று' என்பதைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். பிறகு தெரிந்த தமிழில் சொன்னார்:

"கை நல்லம். காது சரியில்ல. சிங்களமும் படிக்கிறது, ஆ?"

இடம் கிடைத்துவிட்டது.

இப்போது எல்லவில் எனக்குப் பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. எங்கள் வீட்டில் இன்றும் யாரும் போதும் என்று சொல்வதில்லை. சோறு போட்டால், தேத்தண்ணி ஊற்றினால், என் கணவர் தட்டுக்குக் குறுக்கே கை வைத்து "ஏத்தி, ஏத்தி" என்பார், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் முதுகைப் பிடித்துவிடுகிறேன். பாதித் தூக்கத்தில் அவளும், "ஏத்திடி" என்கிறாள். நிறுத்தச் சொல்கிறாளா, கூட்டச் சொல்கிறாளா? இரண்டு மொழியும் இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் தமிழிலேயே எடுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஏத்துகிறேன்.