இயக்குநர் நட்ட ஆண் மரம்

மனித குலம் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக நன்றி சொல்ல வேண்டியது, சீனாவின் ஹெபெய் மாகாணத்துப் பாப்லர் மர ஆய்வு நிலையம் ஒன்றுக்குத்தான்.

வசந்தம் வந்தால் பெண் பாப்லர் பஞ்சு விடும், ஊரே தும்மும். ஆண் மரம் பரம சாது. ஆனால் கன்றில் இரண்டும் ஒரே மாதிரி இருந்து தொலைக்கும். ஆகவே மரத்துக்குள் ‘வாய் திறந்து பேசும்’, அதாவது வேலை செய்யும், மரபணுக்களை மட்டும் படித்து, ஆண் பெண் பிரிக்கும் அடையாளக் குறி ஒன்றை உருவாக்கும் மகத்தான பொறுப்பு இளம் ஆய்வாளன் வென்பினுக்கு வந்தது. மரங்கள் வளர்ந்து, குறி சரியென்று தெரிந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஊருக்கு ரயில்.

ஒப்பிட்டுப் பார்க்க, சந்தேகமில்லாத ஆண் மரம் ஒன்று வேண்டும். நிலைய இயக்குநர் ஷாங், வாசலில் தன் திருக்கரத்தால் நட்ட மரத்தைக் காட்டினார். அதனடியில் ‘வீரிய ஆண்’ என்று கல்லிலேயே வெட்டியிருந்தது.

அந்த வீரிய ஆண் வருஷா வருஷம் பஞ்சு விட்டது.

வென்பின் சக ஆய்வாளர் ஃபாங்கிடம் ஓடினான்.

“அக்கா, அது பொம்பள மரம்க்கா.”

“தெரியும்.”

“பஞ்சு கொட்டுதே.”

“அது பக்கத்துத் தெரு பஞ்சு. போன கூட்டத்துல தீர்மானமே போட்டாச்சு.”

“சார்கிட்ட சொல்லிடட்டுமா?”

“தாராளமா சொல்லு. விடுதில உன் கட்டில நான் எடுத்துக்கறேன். என்னுது ஆடுது.”

வென்பின் சொல்லவில்லை. கன்றுகளின் மரபணுக் கோடுகள் அழகாக இரண்டு வகையாகப் பிரிந்தன. இயக்குநர் மரத்தை ஒத்தவை ‘ஆண்’ என்று கௌரவிக்கப்பட்டு, மருத்துவமனைச் சாலை நெடுக நடப்பட்டன. மற்றவை அடுப்புக்குப் போயின.

சில வருஷங்களில் மரங்கள் பூத்தன. விழா எடுத்தார்கள். சாலையெங்கும் வெள்ளை மழை. நோயாளிகள் ஜன்னலைச் சாத்தினார்கள். வென்பினின் நிரந்தர ஆணை இயக்குநரின் சட்டைப்பையில் இருந்தது. இயக்குநரின் புருவத்தில் பஞ்சு இருந்தது.

“வென்பின், இது எங்கேருந்துப்பா வருது?”

பக்கத்துத் தெருவிலும் இப்போது இவர்கள் மரம்தான். வென்பின் அந்தச் சட்டைப்பையைப் பார்த்தான்.

“பக்கத்து மாவட்டத்துலேருந்து, சார்.”

இயக்குநர் ஆணையை எடுத்து, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

மரத்துக்குள் எந்த மரபணு வாய் திறக்கிறது என்று துல்லியமாகக் கண்டுபிடித்த அந்த அறிஞர் சபையில், வென்பின் உட்பட அத்தனை பேரும் அதற்குப் பிறகு வாய் திறந்தது தும்முவதற்கு மட்டும்தான்.