இரு பக்கமும் முப்பது அடி

பன்வில தோட்டத்துக் கோயில் திருவிழாவில், சவுக்கு மரத்து உச்சியில் கட்டிய லவுட்ஸ்பீக்கர் பாடியது இன்னும் என் காதில் இருக்கிறது. அறுபது வருடமாகிறது. வயர் போதாமல் வேலிக்கம்பியையும் முறுக்கிச் சேர்த்திருந்தார்கள். பாட்டு மூன்று மலைகளைத் தாண்டிப் போய், மெலிந்து, திரும்பி வந்தது. வயரின் நீளத்தை யாரும் விசாரிக்கவில்லை. சோறு எத்தனை மணிக்கு என்றுதான் விசாரித்தார்கள்.

நாகரிகம் அப்போது அவ்வளவு வளர்ந்திருக்கவில்லை.

கண்டியில் எங்கள் பணிமனையின் பணிப்பாளர் திரு. பிறையன், அம்பிட்டியவில் உள்ள தமது இல்லத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் வாங்கினார். இடப்பக்கத்துக்கு மூன்று அடி வயர் போதுமாக இருந்தது. வலப்பக்கத்துக்குக் கதவைச் சுற்றிப் போகவேண்டியிருந்ததால் முப்பது அடி. இவ்விடயம் அவரது மேலான கவனத்துக்கு வந்த நாள்முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"வலது பக்கத்துப் பாட்டு பிந்தி வருது," என்றார்.

"எவ்வளவு பிந்தி, சேர்?" என்று கேட்டார் பிரதம எழுதுவினைஞர் முத்துலிங்கம்.

"சொல்ற அளவுக்கு இல்ல. ஆனா பிந்துது."

எங்கள் பணிமனையில் ஒரு கடிதம் பதினொரு மாதம் பிந்தும். அது அவர் காதில் ஒருநாளும் விழுந்ததில்லை.

ஆகவே இரு பக்கமும் சமநீளமாக இருத்தல் வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது. விரல் தடிப்பில் புது வயர் வந்தது, பக்கத்துக்கு முப்பது அடி. இடப்பக்கத்தில் மிஞ்சிய இருபத்தேழு அடியும் அலுமாரிக்குப் பின்னால் சுருண்டு படுத்தது. கடைக்காரர் பஹீம் வந்து வேலை பார்த்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை கேட்க வருமாறு, சேவையின் தேவை கருதி, மூன்று பேருக்கு அழைப்பு: முத்துலிங்கம், ஓய்வுபெற்ற பின்னும் மொழிபெயர்ப்புக்கு ஆளில்லாமல் வைத்திருந்த நான், எழுதுவினைஞர் இராஜேஸ்வரி.

இராஜேஸ்வரியின் அம்மா அங்கம்மா பன்விலவில் படுத்த படுக்கை. பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருவாள். பன்வில உப பணிமனைக்கு அவள் கேட்ட இடமாற்றம் எட்டு மாதமாகப் பணிப்பாளரின் மேசையில் கிடந்தது. ஒரு கையொப்பம்தான் வேண்டும்.

"தங்கச்சி, எப்படி இருக்குன்னு கேப்பாரு," என்றார் முத்துலிங்கம் வழியில். "நல்லா இருக்குன்னு சொல்லிருங்க. கையெழுத்து விழுந்துரும்."

"நல்லா இருந்தா சொல்றேன், அண்ணே."

பாட்டு ஆரம்பித்தது. பணிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். "இப்ப எப்படி?"

"ரெண்டு பக்கமும் ஒண்ணா வருது, சேர்," என்றார் முத்துலிங்கம். "முந்தியெல்லாம் எனக்கு ஒத்தத் தலவலி வரும்."

என் முறை வந்தது. "அடிநாதத்தில் ஓர் இதம்," என்றேன். அது பொய்யல்ல, நல்ல தமிழ்.

இராஜேஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாயின் ஓரத்தைத் தூக்கி, செம்பு மின்னும் நுனியைக் கையில் எடுத்தாள்.

"சேர், இந்த வயர் எதுலயும் மாட்டலையே."

தேநீருடன் வந்த பணிப்பாளரின் மனைவி றீற்றா சொன்னார்: "ஆமா, ஸ்பீக்கர் தொளைக்குள்ள அது போகல. வேற பின் கொண்டாறேன்னு பஹீம் போயிட்டாரு. பழைய வயர்லதான் பாடுது. நான் சொன்னேனே, நீங்கதான் கண்ண மூடிக்கிட்டு இருந்தீங்க."

பணிப்பாளர் வயரின் நுனியைப் பார்த்தார். பிறகு பணிப்பாளரின் முகம் மலர்ந்தது.

"மாட்டாமலே இவ்வளவு வித்தியாசம்னா, மாட்டினா எப்படி இருக்கும்?"

முத்துலிங்கம் அதைக் குறித்துக்கொண்டார்.

"உங்களுக்கு மட்டும் வித்தியாசம் கேக்கலியா?" என்று பணிப்பாளர் இராஜேஸ்வரியிடம் திரும்பினார்.

"இல்ல, சேர்."

"எங்க மூணு பேருக்கும் கேட்டுருக்கே."

"அதான் சேர் எனக்கும் வெளங்கல."

திங்கட்கிழமை விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது. உறுப்பினர்கள்: பணிப்பாளர், முத்துலிங்கம், நான். இணைக்கப்படாத வயரின் சிறப்பை மூவர் கேட்டிருக்க, ஒருவர் மட்டும் கேட்கத் தவறியமையால், குறைபாடு மேற்படி உத்தியோகத்தரின் செவியிலேயே உள்ளதெனக் குழு கண்டது. அறிக்கையை நான் மொழிபெயர்த்தேன். 'குறைபாடு' என்பதை 'நலிவு' என்று மென்மையாக்கினேன். பிறகு கையொப்பமிட்டேன்.

செவி நலிந்தவரைத் தலைமைப் பணிமனையில் தொலைபேசிக்கு அருகே வைத்திருக்க விதி இடம் தராது. காது தேவைப்படாத பதவி எங்கே என்று பட்டியலைப் புரட்டினோம். ஒன்றுதான் வெற்றிடமாக இருந்தது: பன்வில உப பணிமனை, பொதுமக்கள் முறைப்பாட்டுப் பிரிவு. அப்பதவியில் இருந்த எவருக்கும் காது தேவைப்பட்டதாகப் பதிவேதும் இல்லை.

அன்றைக்கே கையொப்பம் விழுந்தது.

போன மாதம் என் ஓய்வூதியக் கோப்பு காணாமற்போனது. முத்துலிங்கத்திடம் நான்கு தடவை சொன்னேன். நான்கு தடவையும் "என்னம்மா சொன்னீங்க?" என்றார். நல்ல காதுகள் எல்லாம் கண்டியில் இருக்க, நான் பன்விலவுக்கு பஸ் ஏறினேன். இராஜேஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா, சொல்லுங்க," என்றாள். ஒரு தடவைதான் சொன்னேன். கோப்பு அடுத்த கிழமை கிடைத்தது.

அவள் இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறாள். பகலில் வீட்டுக்கு நடந்துபோய் அம்மாவுக்குச் சோறு ஊட்டிவிட்டு வருகிறாள்.