கேட்டைத் தாண்டினால் இடது பக்கம்

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்ததும் வண்டி நேராக இளநீர்க் கடைக்குப் போனது.

ஸ்டீபன் பதறித் திருப்பினான். சிப்காட் சாலையில் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கையை லேசாகத் தளர்த்திப் பார்த்தான். இந்த முறை வண்டி பஸ் ஸ்டாப்பைத் தேர்ந்தெடுத்தது. அங்கே நின்றிருந்த இரண்டு பெண்கள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக்கூடப் போகாமல் வீல் அலைன்மென்ட் செய்துகொண்டு வந்தவன் அவன். இன்று காலை கவரைப்பேட்டை வீட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை வண்டி ஒழுங்காகத்தான் வந்தது. எட்டு மணி நேரம் கம்பெனிக்குள் சும்மா நின்றதற்கு இப்படியா என்று அவனுக்கு விளங்கவில்லை.

ஸ்டீபன் கம்பி உருட்டும் ஆலையில் ஷிப்ட் இன்சார்ஜ். அந்தப் பழைய காரை அவன் வாங்கியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. மனைவி கிரேஸுக்கு இது ஒன்பதாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறியிருப்பதால் சனிக்கிழமை காலை திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். மூத்தவள் கிறிஸ்டினா, ஷேர் ஆட்டோவில் முன்பின் தெரியாத நாலு பேர் முன்னிலையில் பிறக்கப் பார்த்தவள். அடுத்த பிள்ளைக்குச் சொந்த வண்டியில்தான் கூட்டிப் போவேன் என்று அன்றைக்கே அவன் கிரேஸுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். சனிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

வண்டியை நேராக, நேற்று அலைன்மென்ட் செய்த, பைபாஸில் இருந்த ஹனீபின் கடைக்கு விட்டான். நேராக என்றால், வலது பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டே.

"பாய், எடப்பக்கம் இழுக்குது."

"நேத்து நான்தானே ஓட்டிப் பாத்தேன் சார். நூலு புடிச்சா மாரி போச்சே," என்றார் ஹனீப்.

ஹனீபுக்குத் தொழிலில் ஒரு ஒழுங்கு உண்டு. எந்த வண்டி வந்தாலும் முதலில் நாலு டயருக்கும் காற்று மிஷினை மாட்டிவிடுவார். குறைந்தால் ஏற்றி, கூடினால் இறக்கி, அளவு வந்ததும் அதுவே பீப் அடிக்கும். அவர் அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை.

"காத்து கொறஞ்ச பக்கந்தான் வண்டி இழுக்கும். மொதல்ல அத்த சமம் பண்ணிட்டுத்தான் நான் மிஷின்ல ஏத்துவேன். அதனால இங்க அந்தப் பேச்சே கெடயாது," என்றார்.

மிஷினில் ஏற்றியதும் திரை முழுக்கப் பச்சையாக இருந்தது. ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி பள்ளிக்கூடப் பிள்ளை போல நேராகப் போனது. ஸ்டீபன் வெட்கத்தோடு வீட்டுக்குப் போனான்.

செவ்வாய்க்கிழமை காலையும் நேராகவே வந்தது. கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் சின்னராசு சல்யூட் வைத்தார். ஸ்டீபன் அவரைக் கடந்து சும்மா போகிறவன் அல்ல. தினமும் கண்ணாடியை இறக்கி, நாஷ்டா ஆச்சா, முட்டிவலி எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவான். அலைன்மென்ட் செய்ததை நேற்றுக் காலையே அவரிடம் சொல்லியிருந்தான். இன்று அது இழுத்த கதையையும் சனிக்கிழமைப் பயணத்தையும் சொன்னான். சின்னராசு தன் வீட்டுக் கவலை போலக் கேட்டுக்கொண்டார். பிள்ளைத்தாய்ச்சி போகிற வண்டிக்கு டயர்தான் சார் முக்கியம் என்றார். ஒரு மனிதனின் கவலையை இன்னொருவன் நின்று கேட்பதே பாதி மருந்து. ஸ்டீபன் நிம்மதியாக வேலைக்குப் போனான்.

மாலையில் வண்டி நேற்றைவிட அதிகமாக இழுத்தது.

ஹனீப் முன் டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டார். டயரில் கோளாறு இருந்தால் இனிமேல் வலது பக்கம் இழுக்கும், அப்போது திருடன் அகப்பட்டுவிடுவான் என்றார். புதன்கிழமை மாலை வண்டி பழையபடி இடது பக்கமே, அதுவும் ஒரு பால் வேனை உரசப் பார்க்கிற அளவுக்கு இழுத்தது.

"சந்தோசம் சார். டயர் இல்லன்னு தெரிஞ்சிபோச்சு," என்றார் ஹனீப்.

"எனக்கு சனிக்கெயம ஆஸ்பத்திரிக்குப் போவணும் பாய்."

ஹனீபின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கடைக்கு வந்த வேறு இரண்டு வண்டிகளைத் திருப்பி அனுப்பினார். இடது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே சூடு. பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். கடைசியாக, தொழில் தர்மத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, சக்கரத்தை வேண்டுமென்றே வலது பக்கம் இழுக்கும்படி திருகினார். அது இடது பக்கம் இழுக்கும்போது இது வலது பக்கம் இழுக்கும், இரண்டும் சேர்ந்து நேராகிவிடும் என்பது அவர் கணக்கு.

வியாழக்கிழமை காலை வடக்கே போகும்போது வண்டி வலது பக்கம் இழுத்தது. மாலை தெற்கே வரும்போது இடது பக்கம் இழுத்தது. ஆக, போகும்போதும் வரும்போதும் அது கடல் பக்கமே போக ஆசைப்பட்டது.

ஹனீப் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"முன்னாடி ஓனரு எந்த ஊரு சார்?"

"பழவேற்காடு."

"அதான். ஊட்டுக்குப் போவணும்ங்குது. நானும் அந்த ஊருதான், சாயங்காலம் ஆச்சுன்னா எனக்கும் அப்டித்தான் கீது."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவர் கைகள் தளர்ந்துவிட்டன. திருகியதை மறுபடி சரிசெய்து, முன்போலவே நேராக்கிக் கொடுத்தார். உங்கள் வீட்டம்மாவுக்காக துவா செய்கிறேன், எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை என்றார்.

வீட்டில் மாமியார் ஹெலனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"கம்பெனி கேட்ட தாண்டுனா எடப்பக்கம் இன்னா கீது?"

"இளநிக் கட."

"அதுக்குப் பின்னால?"

ஸ்டீபன் தயங்கினான். "மாதா கோயில்."

"மூணு வாரமா பூசைக்கு வராத ஆள, மாதாவே வண்டியப் புடிச்சி இஸ்துனு கீறாங்க. இதுக்கு மெக்கானிக் இன்னா பண்ணுவாரு?"

கிரேஸ் சிரித்தாள். பிறகு, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமைக்கு அம்மா ஆட்டோ சொல்லிவிட்டதாக மெதுவாகச் சொன்னாள்.

"நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத. அந்த ஆட்டோக்காரரு நம்பளுக்குப் பழக்கம்தானே."

அந்த ஆறுதல்தான் அவனுக்கு மிகவும் வலித்தது. அவளுக்கு அவன் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை மாதா கோயிலில் வண்டியை நிறுத்தி, மெழுகுவர்த்தி ஏற்றி, முழங்காலில் நின்றான். இனி ஒரு ஞாயிறும் தவறமாட்டேன் என்றான். கிளம்பியபோது வண்டி நேராகப் போனது. கேட்டில் சின்னராசுவிடம் கோயில் விஷயத்தைச் சொன்னபோது அவர் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாளைக்குத்தானே சார், எல்லாம் நல்லபடியாக முடியும், நானும் என்னால் ஆனதைச் செய்கிறேன் என்றார். அவரும் தன் சாமியிடம் வேண்டிக்கொள்வார் என்று ஸ்டீபன் எண்ணிக்கொண்டான். மாதா, ஹனீபின் துவா, சின்னராசுவின் அம்மன், மூன்று பேரும் சேர்ந்தால் ஒரு சக்கரம் நேராகாதா என்று தோன்றியது.

மாலை ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. சிலுவைக் குறி போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான். வண்டி கேட்டை நோக்கிப் பத்தடி வைத்தது. பிறகு இதுவரை இல்லாத வேகத்தோடு இடது பக்கம் பாய்ந்து, பூந்தொட்டி ஒன்றை உடைத்துக்கொண்டு நின்றது.

ஸ்டீபன் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

சின்னராசு முட்டிவலியோடு ஓடி வந்தார். பூந்தொட்டியைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தார். அடி பட்டதா என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தான்.

"நாளிக்கு ஆட்டோவுலதான் அண்ணே இட்டுனு போவணும். இந்த வண்டில அவள ஒக்கார வைக்க எனக்கு தைரியம் இல்ல. நீங்க இத்தினி வேண்டிக்கினதும் வீணாப் போச்சு."

சின்னராசு தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குற்றம் செய்தவர் போல நின்றார்.

"நான் ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டிங்களே சார்?"

"சொல்லுங்கண்ணே."

"நீங்க தங்கச்சிய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவணுமேன்னு, ஃபோர்க்லிஃப்டுக்கு அடிக்கிற பைப்ப இஸ்துனு வந்து தெனம் கல்லு மாரி காத்து அடிச்சி உட்டுனுதான் கீறேன், இன்னிக்கு ரெண்டு நிமிசம் கூடவே அடிச்சேன், ஆனா பைப்பு டிரைவர் பக்கத்து ரெண்டு டயருக்குத்தான் எட்டுது, ஒருவாட்டி வண்டிய திருப்பி நிறுத்துங்க சார், அந்தாண்ட பக்கமும் அடிச்சி உட்டுட்றேன்."