பல்லில்லாதோர் தேர்வுக் குழு

பற்பசையை அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டால் நிர்வாகம் என்று ஒன்று எதற்கு? எங்கள் மேனேஜருக்கு ஒரு நாள் இந்தச் சந்தேகம் வந்தது. வேலை இல்லாத நாட்களில்தான் அவருக்குச் சந்தேகம் வரும். உடனே சுற்றறிக்கை பறந்தது: "பணியாளர்தம் பல் தேவைக்கு உகந்த பற்பசை தேர்ந்தெடுக்கப்படும் வரை எவரும் எப்பசையும் உபயோகிக்கலாகாது." காலையில் வாசல் காவலாளி ஒவ்வொருவர் வாயாக முகர்ந்து பார்த்தார். போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தாரோ! புதினா வாசம் வந்தால் விளக்கம் கேட்டு மெமோ.

தேர்வுக்கு ஒரு குழு போட்டார்கள். பல் உள்ளவன் தன் பல்லுக்கு வேண்டியதைத்தான் சொல்வான், அது சுயநலம். ஆகவே பல்லே இல்லாத பெரியவர்களாகப் பார்த்து உறுப்பினராக்கினார்கள். பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். எங்கள் ஆபீஸில் பல்லு போனவர் சொல்தான் சட்டம். அவர்களுக்குத் தனி அறை, ஏசி, போக வர கார்.

இதில் மாட்டிக்கொண்டவர் டைப்பிஸ்ட் அக்கா. அவருக்குக் கடைவாய்ப்பல்லில் கூச்சம். தண்ணீர் பட்டாலே உயிர் போகும். அதற்கென்று உள்ள பசையைப் போட்டால் அடங்கும். அதைத்தான் போடக்கூடாதே! பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு குழுவின் முன் போய் நின்றார். தலைவர் தம் பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டார். கூட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

"என்னம்மா பிரச்சினை?"

"பல்லு கூசுது சார். அதுக்குன்னே ஒரு பேஸ்ட் இருக்கு. அதையே தேர்ந்தெடுத்துடுங்களேன்."

"யாரோட பல்லு?"

"என்னோடதுதான் சார்."

"பாத்தீங்களா, சொந்தப் பல்லு! இதுக்குப் பேருதான் பாரபட்சம்."

அக்கா ரோஷக்காரர். அன்றைக்கே அந்தப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, மறுநாள் கன்னத்தில் பஞ்சோடு வந்து நின்றார்.

"இப்போ சொல்லலாமா சார்?"

"தாராளமா. எந்தப் பல்லு கூசுது?"

"அதைத்தான் பிடுங்கியாச்சே!"

"அப்போ தேவை தீந்துபோச்சு. மனுவை முடிச்சுடுங்க."

பக்கத்துப் பல்லும் கூச ஆரம்பித்ததும் அக்கா ஒரு முடிவுக்கு வந்தார். மிச்சம் மீதியையும் எடுத்துவிட்டு, நேராகக் குழுவில் உறுப்பினராகிவிட்டார். நம்ம ஆள் உள்ளே போயாச்சு, இனிமேல் விடிந்துவிடும் என்று ஆபீஸே கைதட்டியது.

விடியவில்லை. மாதங்கள் போயின. என் பல்லும் கூசத் தொடங்கியது. காரில் ஏறப்போன அக்காவை ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"அக்கா, அந்தப் பேஸ்ட் என்னாச்சு?"

"அவசரப்பட்டு முடிவு பண்ற விஷயமா தம்பி? எல்லாப் பக்கமும் பாக்க வேணாமா?"

"நீங்க பட்ட வேதனை மறந்துபோச்சாக்கா?"

"வலிக்கறதுக்குப் பல்லு வேணுமே!" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

கொதித்துப்போய்ப் பல் டாக்டரிடம் ஓடினேன். அங்கே மொத்த ஆபீஸும் வரிசையில் நின்றது. மேனேஜர்தான் முதல் ஆள். விசாரித்தால் ஒருவருக்கும் வலி இல்லை. குழுவில் இன்னும் ஓர் இடம் காலியாம்.

எனக்கும் வலி மறந்துவிட்டது. "அவசரம் டாக்டர், மொத்தமும் எடுக்கணும்!" என்று கத்திக்கொண்டே முன்னால் நின்றவரைத் தள்ளிவிட்டுப் புகுந்தேன்.