கூண்டு டீச்சர் ஏற்றிய ஏழாம் நம்பர்

ஒரு மேற்பார்வையாளரின் ரத்தக் கொதிப்பை ஏற்றுவதில் கூண்டு டீச்சரை மிஞ்ச பாம்பன் கடற்கரையில் இன்னொருவர் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் நான் எப்போதோ விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

அக்காள்மடத்துப் பக்கம் ஒரு பால்வாடியில் அவர் டீச்சர். நான் சூப்பர்வைசர். பிள்ளைகள் ஓடுகிறார்களா, பேசுகிறார்களா, பாசிமணி கோக்கிறார்களா என்று பார்த்து, ஒன்று முதல் ஐந்து வரை நம்பர் போட்டு செல்போன் ஆப்பில் ஏற்ற வேண்டும். ஐந்து என்றால் பிரமாதம். ஒன்று என்றால் உடனே கவனிக்க வேண்டும். இதில் என்ன சிரமம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அவரிடம் அதைத்தான் கேட்டேன், மூன்று வருடம்.

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்களே, அந்தக் கணக்கில்தான் பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசுவார்; பெயரும் அதனால்தான். "ஒம் மகனுக்குக் கூண்டே இல்லத்தா, தைரியமாப் போ." "ஒம் மக கத்திரி பிடிக்கிறதுல ஒண்ணாம் நம்பரு. புயல் தூரத்துல இருக்கு, பயப்படாத." நம்பர் ஏற ஏற ஆபத்து என்பது அங்கே பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

"டீச்சர், இது வானிலை நிலையம் இல்லை" என்பேன்.

"அவுகளுக்கு வெளங்குதுல்ல மேடம்" என்பார்.

ஆப்பில் ஒன்றும் ஏறியிருக்காது. அதற்குப் பதில் ஒரு நோட்டு நிறையக் குறிப்பு எழுதி வைத்திருப்பார். ஒருநாள் பொறுமை போய் அந்த நோட்டைப் பிடுங்கினேன்.

"இருங்க மேடம், ஒரு பிள்ளைக்கு இன்னும் பாத்து முடிக்கல."

நான் கேட்கவில்லை. நுனிப்புல் மேய்ந்து நானே நம்பர் போட்டு, அச்செடுத்து வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்தனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை பால்வாடி வாசலில் கூட்டம். ஐந்து வாங்கிய பிள்ளைகளின் அம்மாக்கள் அழுத கண்ணோடு நின்றார்கள். "அஞ்சாம் நம்பரு ஏத்துற அளவுக்கு எம் பிள்ள என்ன பண்ணுச்சு?" ஒரு பெண் பிள்ளைக்கு மந்திரிக்க ஏர்வாடி தர்காவுக்கு ஆட்டோ பேசிவிட்டாள். ஐந்து நல்லது என்று தொண்டை வறளச் சொன்னேன். நல்லதுக்கு எவன் பெரிய நம்பர் போடுவான் என்று ஒருவர் திருப்பிக் கேட்டார்.

வராதது ஒரே ஒரு வீடு. பேச்சில் ஒன்று வாங்கிய நாலு வயது தர்ஷினியின் வீடு. அவர்கள் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

கூண்டு டீச்சர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். என் கையிலிருந்த நோட்டை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். தர்ஷினியின் அப்பா முனியசாமி படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஏலே முனியசாமி, எறங்கு."

"ஒண்ணாம் நம்பருதான டீச்சர் போட்டிருக்கு. லேட்டாப் பேசுவா. நானும் அப்படித்தான்."

"அது மேடம் போட்ட நம்பரு. நான் பாத்தத வாசிக்கிறேன், கேளு." நோட்டைப் பிரித்தார். "பின்னால நின்னு நாலு நாளு கூப்பிட்டேன். திரும்பல. சோத்துத் தட்டத் தட்டுனேன். திரும்பல. தரையில ஓங்கி மிதிச்சேன். திரும்புனா."

நோட்டை மூடினார். "ஏழாம் நம்பரு. ஒனக்கு இன்னைக்கு டோக்கன் கெடையாது. காது பாக்குற டாக்டர்ட்டப் போறோம்."

கடலுக்குப் போக டோக்கன் கொடுப்பது மீன்வளத் துறை, பால்வாடி அல்ல. அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் முனியசாமி இறங்கிவிட்டார். நோட்டில் 'பேச்சு குறைவு' என்ற முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு அந்த ஒன்றைப் போட்டவள் நான்.

சில மாதம் கழித்து தர்ஷினி காதில் மிஷினோடு வந்தாள். டீச்சர் அவள் பின்னால் போய் நின்று மெதுவாகப் பெயரைச் சொன்னார். திரும்பினாள்.

"கூண்ட எறக்கியாச்சு. இனி ஒங்க ஆப்புல என்ன வேணும்னாலும் போட்டுக்கங்க மேடம்."

இப்போது எனக்கு வேறு ஊர். இங்கே எல்லாரும் சொன்ன தேதியில் சொன்ன நம்பரை ஏற்றிவிடுகிறார்கள். எங்காவது பேச்சில் ஒன்று வந்தால் அந்தப் பால்வாடிக்கே போய், பிள்ளையின் பின்னால் நின்று கூப்பிடுகிறேன். அது திரும்புகிறவரைக்கும், பக்கத்தில் நின்று 'இருங்க மேடம்' என்று சொல்ல அந்த மனுஷி இல்லையே என்று இருக்கிறது.