கூலி பாக்கி வைத்த கன்மலை

பெயின்டருக்கு மூன்று வாரக் கூலி பாக்கி. பாக்கி வைத்தவர் எங்கள் சபையின் கன்மலை மனிதர், வேதத்தில் வரும் பெரும்பாறை மாதிரி. இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; எந்தச் சபையிலும் முன்வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, ஒன்று உட்கார்ந்திருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, செங்கல் சுமந்து, மேஸ்திரியாகி, ஊரில் பாதிக் கட்டடத்தை எழுப்பியவன். எது அசையும், எது அசையாது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

கன்மலை மனிதர் அசையவே மாட்டார். கம்பெனி மூடி மருமகனுக்கு வேலை போயிற்று என்று ஒரு தாய் அழுதால், கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, "கலங்காதீங்கம்மா, கர்த்தர் பார்த்துக்குவாரு" என்பார். விலைவாசி ஏறினாலும் அதே, வெள்ளம் வந்தாலும் அதே, பக்கத்து வீட்டில் ஆம்புலன்ஸ் நின்றாலும் அதே. அடுத்தவன் வீட்டுப் புயலில் இவருக்கு ஒரு முடி கலையாது. எவ்வளவு பெரிய விசுவாசம், பாருங்கள்.

பெயின்டர் கேட்டுப் போனான்.

"ஐயா, சனிக்கிழமை வாடகை குடுக்கலைன்னா வீட்டுக்காரர் பூட்டுப் போட்டுருவேன்னுட்டாரு."

"தம்பி, பணத்து மேல நம்பிக்கை வைக்காதே. உனக்காக ஜெபிக்கிறேன்."

"ஜெபிங்கய்யா. அதோட கூலியும் குடுத்தா..."

"அவசரப்படுறது அவிசுவாசம்."

வெள்ளிக்கிழமை காலை, வங்கி திவாலாகப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. என் பணம் அங்கே இல்லை. அது சுவராக எழும்பி நிற்கிறது. வேடிக்கை பார்க்கப் போனேன். வரிசையில் கன்மலை. சட்டைப் பொத்தான் மாறிப்போய், ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் மனைவியின் செருப்புமாக, "பணம் உள்ளே இருக்குமா, போயிருக்குமா" என்று முன்னால் நின்றவரின் முதுகைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பெயின்டர்.

"உனக்கு ஏதுடா இங்க கணக்கு?" என்றேன்.

"எனக்கேது மேஸ்திரி. ஐயா கணக்குல என் கூலி இருக்கே. அது பத்திரமா வரணும்னு ஜெபிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

வரிசையே சிரித்தது. கன்மலை சிரிக்கவில்லை. "உனக்குப் பயமா இல்லையா?" என்றார், குரல் இறங்கி.

"இருக்குய்யா. காலையில முழங்கால் போட்டு கர்த்தர்கிட்ட சொன்னேன். அப்புறம்தான் சாப்பாடு இறங்குச்சு. வாங்க, சேர்ந்தே சொல்லுவோம்."

இத்தனை வருஷத்தில், அடுத்தவன் ஜெபத்துக்கு அவர் ஆமென் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

ஆடாததுதான் விசுவாசம் என்று யார் சொன்னது? உயர்ந்த கட்டடம் காற்றில் ஆடத்தான் செய்யும். அஸ்திவாரம் பிடித்திருந்தால் விழாது. கட்டியவன் சொல்கிறேன்.

சிரிக்கிறீர்களா? நல்லது. கடைசியாக யாரிடம் "ஜெபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையைத் தொடாமல் நடையைக் கட்டினீர்கள் என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். முன்வரிசையில் இன்னும் இடம் இருக்கிறது.

மதியம் வங்கி பணத்தைக் கொடுத்துவிட்டது. கன்மலை படியிலேயே நின்று, பெயின்ட் காய்ந்த அந்த உள்ளங்கையில், எச்சில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தார். இரண்டு வாரக் கூலி முடிந்ததும் கை கொஞ்சம் நின்றது. பெயின்டர் விரலை மடக்கவில்லை. மீதியும் வந்தது.