நாலு மணிக்கு ஆற்றின் நடுவே

மதிப்பிற்குரிய நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அவர்களின் சமூகத்திற்கு,

தாங்கள் ஆணா பெண்ணா என்று தெரியாத காரணத்தால் ஐயா என்றும் அம்மா என்றும் இரண்டு விதமாகவும் வணக்கம் செலுத்துகிறேன், பொருந்தாததை அடித்துவிடவும். தாங்களும் தங்கள் நிலையத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் நலமாக இல்லை. இருதய வார்டில் இரண்டாம் எண் கட்டிலில் பதினெட்டு நாளாகப் படுத்திருக்கிறேன். ஆனால் இந்தக் கடிதம் என்னைப் பற்றியது அல்ல, எதிர்க்கட்டிலில் இருக்கும் வெல்டரைப் பற்றியது. இன்று செவ்வாய்க்கிழமை. நாளை மாலைக்குள் தங்கள் பதில் கிடைத்தாக வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

நான் கோர்ட்டில் முப்பத்தோரு வருடம் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். எத்தனையோ ஆயிரம் தீர்ப்புகளை அடித்திருக்கிறேன். நீதிபதி சொல்லாத ஒரு சொல்லைச் சேர்த்ததும் இல்லை, சொன்னதை விட்டதும் இல்லை. அப்படிப்பட்ட என்னைக் கொண்டுவந்து தீர்ப்பே இல்லாத இடத்தில் போட்டுவிட்டார்கள். விவரம் இதுதான். தினமும் மதியம் இரண்டு மணிக்குத் தாங்கள் ஒளிபரப்பும் பழைய ஹாலிவுட் படம் நாலு மணி பத்து நிமிடத்துக்கு முடிகிறது. எங்கள் சிஸ்டர் நாலு மணிக்கு டிவியை நிறுத்திவிடுகிறார். டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறாராம், நாங்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தயாராக இருக்க வேண்டுமாம். டிவியோ கூரைக்குப் பக்கத்தில் இரும்புக் கூண்டுக்குள் இருக்கிறது, ரிமோட் சிஸ்டரின் கோட்டுப் பையில் இருக்கிறது, எங்களில் ஒருவரும் ஸ்டூல் மேல் ஏறக்கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஆக, இந்தப் பதினெட்டு நாளில் பதினெட்டுப் படம் பார்த்தும் ஒன்றின் முடிவுகூட எங்களுக்குத் தெரியாது. மாடிப்படியில் நின்று அழுத அந்தப் பணக்காரப் பெண் இறங்கி வந்தாளா, குதிரைக்காரன் துப்பாக்கியை எடுத்தானா, முழுகின கப்பலில் எத்தனை பேர் மிஞ்சினார்கள், ஒன்றும் தெரியாது. டிவி நின்றதும் ஆறு கட்டிலும் கை தூக்கி ஓட்டுப் போட்டு முடிவை நாங்களே தீர்மானித்துக்கொள்கிறோம். அதிலும் ஒரு கஷ்டம், முதல் கட்டில் பேக்கரிக்காரர் எந்தப் படமானாலும் கல்யாணத்தில்தான் கொண்டுபோய் விடுவார். ஏழு சிப்பாய்கள் மட்டுமே நடித்த யுத்தப் படத்திலும் யாருக்காவது கல்யாணம் பண்ணி வைத்தால்தான் அவருக்கு இரத்த அழுத்தம் இறங்கும்.

இங்கிலீஷ் தெரிந்தவன் என்று மொழிபெயர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்குத் தெரிந்தது தீர்ப்பு இங்கிலீஷ். இந்தச் சிப்பாய்கள் பாதியை மென்று விழுங்கி, மீதியைச் சிகரெட்டோடு கடித்துக்கொண்டு பேசுகிறார்கள். புரிந்ததைச் சொல்வேன், புரியாததைப் புரியவில்லை என்று சொல்வேன். "சும்மா நீங்களா எதையாவது அடிச்சு விடுங்க சார், யாரு கேக்கப் போறா?" என்று பேக்கரிக்காரர் பலமுறை கேட்டும் நான் மசியவில்லை.

நேற்று திங்கட்கிழமை வந்த படம்தான் வினை. ஆரம்பத்தில் பெயர் காட்டும்போது எல்லாருக்கும் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆகையால் பெயர் தெரியாது. கறுப்பு வெள்ளைப் படம். உடைந்த பாலம், பெருக்கெடுத்த ஆறு, இந்தக் கரையில் மாட்டிக்கொண்ட ஏழு சிப்பாய்கள், கெட்டுப்போன ரேடியோ. அந்த ரேடியோவைச் சுமப்பவன் குள்ளமான ஆள், மற்றவர்கள் அவனை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. கொட்டுகிற மழையில், தலைக்கவசத்தைக் குடையாகப் பிடித்துக்கொண்டு, மெழுகுவத்தியில் ஒரு ஸ்பூன் காம்பைக் காய்ச்சி, அறுந்த கம்பியை அவன் பற்றவைத்தான் பாருங்கள், வெல்டர் கட்டிலில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "நம்ம ஆளுய்யா அவன்! கை நடுங்குதா பாருங்க, நடுங்கவே இல்ல!" என்றார். பதினெட்டு நாளில் அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து நேற்றுதான் பார்த்தேன். பிறகு அவன் ரேடியோவை முதுகில் கட்டிக்கொண்டு, இடுப்பில் கயிற்றோடு ஆற்றில் இறங்கினான். அக்கரை போய்ச் சேர்ந்து செய்தி அனுப்பினால்தான் மற்ற ஆறு பேரும் பிழைப்பார்கள். நடு ஆற்றில், கழுத்தளவு தண்ணீரில் அவன் நின்றபோது மணி நாலு. டிவி நின்றுவிட்டது.

வெல்டருக்கு வியாழக்கிழமை காலை இருதயத்தில் ஆபரேஷன். செய்தாலும் நிச்சயமில்லை, செய்யாவிட்டால் இந்த மாதம் தாண்டாது என்று டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். சம்மதப் படிவத்தை நேற்று மாலையே நீட்டினார்கள். மனிதர் பேனாவைக் கையில் வாங்கினார், அப்புறம் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அவன் அக்கரை சேந்தானான்னு தெரியாம நான் கையெழுத்துப் போடமாட்டேன். அவன் சேந்தா நானும் சேருவேன்" என்கிறார். டாக்டர் சிரித்தார். வெல்டர் சிரிக்கவில்லை. ஐந்து பேர் ஓட்டுப் போட்டு அவன் சேர்ந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டோம். "நீங்க பாத்தீங்களா? பாக்கலைல்ல? பேசாம படுங்க" என்று சொல்லிவிட்டார். பயத்தை மறைக்க ஆளாளுக்கு ஒரு வழி. இவருடையது இது என்று எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய?

நாங்கள் எடுத்த முயற்சிகளையும் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். இன்று காலை என் மருமகன் கைப்பேசியில் தேடிப் பார்த்தார். ஆறு, ரேடியோ, சிப்பாய் என்று நான் சொன்ன அடையாளங்களுக்கு நாலு படம் அகப்பட்டதாம். ஒன்றில் ரேடியோக்காரன் தளபதி ஆகிறான், ஒன்றில் எதிரிக்கு உளவாளி, ஒன்றில் அவன் பெண். நாலாவது படத்தில் ஆறே இல்லை, பாலைவனம். "எது வேணும் மாமா?" என்று கேட்டார், நல்ல பிள்ளை, கோபித்துக்கொள்ள முடியவில்லை. பிறகு தங்கள் நிலையத்துக்கு நானே போன் செய்தேன். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து என்று சொல்லி, அரைமணி நேரம் பாட்டுக் கேட்க வைத்து, கடைசியில் ஒரு பெண் வந்து சந்தா எண் கேட்டது. பதற்றத்தில் கட்டில் எண்ணைச் சொல்லிவிட்டேன். "படம் பாதியில் நிற்கிறது" என்று நான் சொன்னதை அந்தப் பெண் தன் போக்கில் எழுதிக்கொண்டு, மதியமே ஒரு மெக்கானிக்கை அனுப்பிவிட்டது. அவர் கூண்டைத் திறந்து எதையோ திருகிவிட்டுப் போனதிலிருந்து எங்கள் டிவியில் சமையல் நிகழ்ச்சி மட்டும்தான் தெரிகிறது. உப்பில்லாத ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு இருதய நோயாளிகள் வறுவலும் பொரியலும் பார்க்கிறோம், தங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

இன்று சாயங்காலம் வெல்டரின் மனைவி என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. "அண்ணே, நீங்க சொன்னா அவரு நம்புவாரு. நீங்க மட்டும்தான் பொய் சொல்லமாட்டீங்களாம். சேந்துட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணே" என்றது. "பாக்காததை எப்படிம்மா சொல்றது?" என்றேன். அந்தப் பெண் தம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தோரு வருடம் கட்டிக் காத்த நேர்மையை வைத்துக்கொண்டு ஒரு தம்ளர்கூடக் கழுவ முடியாது என்று அப்போது தோன்றிற்று.

ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, முதலாவதாக, மேற்படி ரேடியோக்காரன் அக்கரை சேர்ந்தானா இல்லையா என்பதை இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் என் மருமகன் மூலம் உடனே தெரிவிக்க வேண்டும். அதோடு அந்தப் படத்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மறுபடி ஒளிபரப்ப வேண்டும், அதையும் இரண்டு மணிக்குப் பதிலாக ஒன்றே முக்காலுக்குத் தொடங்க வேண்டும். தங்கள் வீட்டில் ஒருவரும் இந்த வார்டுப் பக்கமே வர நேராமல் நீண்ட ஆயுளோடு இருக்க ஆறு கட்டிலும் சேர்ந்து வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
இரண்டாம் எண் கட்டில்

பின்குறிப்பு (ஞாயிற்றுக்கிழமை): மருமகன் ஆபீஸ் வேலையாக வெளியூர் போய்விட்டதால் மேற்படி கடிதம் தலையணைக்கு அடியிலேயே இருந்துவிட்டது. நல்லதாயிற்று. புதன்கிழமை மதியம், மற்றவர்கள் தூங்கும்போது, சிஸ்டரிடம் நானே போய்ச் சண்டை போட்டேன். ஒரு பத்து நிமிஷம் விட்டிருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டேன். சிஸ்டர் என்னை உட்காரச் சொன்னார். "ரவுண்ட்ஸ் அஞ்சு மணிக்குத்தான் சார். இந்தப் பழைய படத்துல எல்லாம் கடைசிப் பத்து நிமிஷத்துலதான் சாவாங்க. இது ஹார்ட் வார்டு, நான் என்ன பண்ண? நிறுத்திட்டுப் போய் எங்க ரூம்ல நான் பாத்துடுவேன்." அப்படியானால் ரேடியோக்காரன்? "கயிறு அறுந்துடுச்சு சார். ரேடியோவை மட்டும் கரையில தூக்கிப் போட்டான், அது கடைசி வரைக்கும் வேலை செஞ்சுது. அவன் போயிட்டான்."

நேரே வெல்டரின் கட்டிலுக்குப் போனேன். அவர் விழித்துத்தான் இருந்தார். "சிஸ்டர் முடிவைப் பாத்திருக்காங்க. சேந்துட்டான்" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். ஒரு வார்த்தை போதாது என்று தெரிந்தது. "நனஞ்சு போய் வெடவெடன்னு நடுங்கினானாம். கம்பளி போத்தி, சூடா ஒரு டீ குடுத்தாங்களாம்" என்றேன். "ரேடியோ? அவன் பத்தவச்சது பிடிச்சு நின்னுதா?" என்றார். "நின்னுது" என்றேன். அது மட்டும் உண்மை. பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை ஏழு மணி நேரம் ஆயிற்று. நேற்று கண்ணைத் திறந்து மனைவியிடம் தண்ணீர் கேட்டாராம். பிழைத்துவிட்டார் ஐயா, பிழைத்துவிட்டார் அம்மா. நான் போர்வைக்குள் அழுதேன்.

இப்போது அவருக்கு ஒரே ஆசையாம். வீட்டுக்குப் போனதும் அந்தப் படத்தை முழுசாக உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். மறுபடி போடச் சொல்லித் தங்களுக்குக் கடிதம் எழுதும்படி மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் கடிதமும் தங்களுக்கு வந்து சேரும். அதையும், மேலே நான் எழுதியதையும் சேர்த்துக் கிழித்துப் போட்டுவிடவும். அந்தப் படத்தைத் தயவுசெய்து இனி ஒருபோதும் போடாதீர்கள். என் வாழ்நாளில் நானாக எழுதிய தீர்ப்பு அது ஒன்றுதான். அதற்கு மேல்முறையீடு இல்லாமல் பார்த்துக்கொள்வது தங்கள் கையில் இருக்கிறது.